ஹிஸ்டரியை எடுத்துடலாம்

இத்தனை வருஷத்தில் பியூன் பேச்சிமுத்து ஒரு தடவைகூட என்னைப் பார்த்து "சாப்பிட்டீங்களா டீச்சர்" என்று கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டார். கையில் வடைத் தட்டு, தோளில் துண்டு, ஹெச்.எம். அறைக்குள் நுழையப் போனவர் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, தலையை மட்டும் உள்ளே நீட்டி, என்னமோ என் கூடப் பிறந்தவர் மாதிரி கேட்டார். நான் "ம்" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கொடுத்தால் அதை வைத்து இன்னொரு வார்த்தை பிடுங்குவார், அதைக் கொண்டுபோய் ஆபீஸில் போடுவார், ஹிஸ்டரி டீச்சர் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது என்று. எங்கள் பள்ளியில் ஒருவருக்குத் திடீரென்று மரியாதை கூடுகிறது என்றால் ஒன்று அவர் ரிடையர் ஆகப் போகிறார், இல்லையென்றால் அவரைத் தூக்கப் போகிறார்கள். டிராயிங் மாஸ்டர் வைகுண்டத்தை மாற்றினார்களே, அந்த வாரம் முழுக்க அவருக்கு யார் யாரோ காபி வாங்கிக் கொடுத்தார்கள். மனுஷன் நமக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷமாகக் குடித்தார். நான் அப்போதே எகனாமிக்ஸ் டீச்சர் எமரன்சியாவிடம் சொன்னேன், இந்தக் காபி சரியில்லை என்று. அவள் சிரித்தாள். சனிக்கிழமை என்பதால் பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடத்தில் எந்தச் சத்தமும் தப்பாகத்தான் கேட்கிறது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பள்ளிக் கமிட்டி, இந்தப் பக்கம் நான். "கூப்பிட்டாலும் கூப்பிடுவோம், இருங்க டீச்சர்" என்று ஹெச்.எம். சொல்லியிருக்கிறார். கூப்பிட்டாலும் கூப்பிடுவோம் என்றால் என்ன அர்த்தம்? கூப்பிட வேண்டிய விஷயம் இருக்கிறது, ஆனால் கூப்பிடாமலே முடித்துவிட முடியுமா என்று முதலில் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

அவர்கள் முடிக்கப்போவது இரண்டு காரியம். வியாழக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்கில் ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எங்கள் முகம் தெரியாது, சங்கடமான சேதி சொல்லும்போதெல்லாம் அதற்காகவே கழற்றுகிறார் என்பது என் அபிப்பிராயம். ஒன்று, வருகிற ஜூனிலிருந்து நேரம் மாறுகிறது. மத்தியான இடைவேளை ஒரு மணி நேரத்திலிருந்து அரை மணியாகக் குறையும், மிச்சமாகிற நேரத்தில் ஸ்பெஷல் கிளாஸ். இரண்டு, பதினொன்றாம் வகுப்பு ஹிஸ்டரி குரூப்பில் பிள்ளைகள் சேர மாட்டேன் என்கிறார்கள், அதைக் கொண்டுபோய் காமர்ஸ் குரூப்போடு சேர்த்துவிடுவது. சேர்த்தால் ஹிஸ்டரிக்கும் எகனாமிக்ஸுக்கும் பீரியட் குறையும், குறைந்தால் அந்த இரண்டு டீச்சரில் ஒருவர் உபரி. உபரி. குழம்பு மிஞ்சினால் உபரி, கல்யாண வீட்டில் இலை மிஞ்சினால் உபரி, மனுஷி எப்படி மிஞ்சுவாள்? மிஞ்சுகிறவரை மலையடிவாரத்தில் இருக்கிற இன்னொரு பள்ளிக்கு மாற்றுவார்கள், அதுவும் இதே நிர்வாகம்தான். ரெண்டு பஸ் மாற வேண்டும். ரெண்டாவது பஸ் வந்தால் உண்டு. அன்றைக்கு ஹெச்.எம். எங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லவில்லை, "ஹிஸ்டரி, எகனாமிக்ஸ் ரெண்டுல ஒண்ணு" என்றார். எங்கள் பள்ளியில் யாருக்கும் பெயர் கிடையாது. ஆவுடைத்தாய் என்று எனக்கு வைத்த பெயர் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான். மற்றபடி நான் ஹிஸ்டரி. "ஹிஸ்டரி இன்னைக்கு லீவா?" "கெமிஸ்ட்ரிக்கும் பாட்டனிக்கும் பேச்சுவார்த்தை இல்லையாமே?" ரிடையர் ஆன கணக்கு வாத்தியார் இறந்த அன்று பேச்சிமுத்து வகுப்பு வகுப்பாகப் போய் "மேத்ஸ் போயிருச்சு" என்று சொல்ல, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சந்தோஷத்தில் கை தட்டிவிட்டார்கள். அன்று நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. பாடமும் ஆளும் ஒரே பெயரில் இருந்தால் எதை வெட்டுகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உள்ளே எகனாமிக்ஸ் உட்கார்ந்திருக்கிறாள். ஆசிரியர் பிரதிநிதி என்று கமிட்டியில் ஒரு நாற்காலி உண்டு, இந்த வருஷம் அது எமரன்சியாவுக்கு. வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னாள், நான்தான் "இருடீ, நமக்கும் உள்ள ஒரு ஆளு வேணும்ல" என்று பிடித்துத் தள்ளினேன். இப்போது அந்த ஆள் உள்ளே இருக்கிறது, நான் வெளியே இருக்கிறேன். காலையில் "வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள், சேலைத் தலைப்பில் பின்னைக் குத்திக்கொண்டே போனாள். பின்னைக் குத்துகிறவள் குனிந்துதான் குத்த வேண்டும், அது வாஸ்தவம். ஆனால் ஏன் சரியாக அந்த நேரம் பார்த்துக் குத்த வேண்டும்? புதுச்சேலை வேறு, வெளிறின இங்கிலீஷ் கலர். நேற்று மத்தியானம் எனக்கென்று தனியாக ஒரு டப்பாவில் பொரித்த நெத்திலி கொண்டுவந்து கொடுத்தாள், வீட்டில் அண்ணனுக்கு முள்ளெடுத்துப் பிசைந்து கொடுங்கள் என்றாள். வாங்கும்போதே எனக்கு வைகுண்டத்தின் காபி ஞாபகம் வந்தது. வந்தும் வாங்கிக்கொண்டேன். நாங்கள் இருவரும் இந்தப் பள்ளியில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். நான் முற்பகல், அவள் பிற்பகல். அவள் வந்த பஸ் வழியில் படுத்துவிட்டது, வேறொன்றும் இல்லை, ஆனாலும் உத்தியோகத்தில் அரை நாள் என்றாலும் மூப்பு மூப்புதான். "ஏ பி.ப., இங்க வா" என்று நான் அவளைக் கேலியாகக் கூப்பிடுவேன், "வர்றேன் மு.ப." என்று வருவாள். உபரி என்று வந்தால் இளையவள்தான் போக வேண்டும் என்பது சட்டம். அது அவளுக்குத் தெரியாதா? எகனாமிக்ஸ் படித்தவள், லாப நஷ்டம் பார்க்காமல் இருப்பாளா? அவள் தப்பிக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, ஆளைப் பார்க்காதீர்கள், பாடத்தைப் பாருங்கள் என்று கமிட்டியைத் திருப்பிவிடுவது. காமர்ஸ் பிள்ளைகளுக்கு எகனாமிக்ஸ் வேண்டும். ஹிஸ்டரி யாருக்கு வேண்டும்? கோட்டைக் கதவை வெளியே இருந்து உடைத்தவர்கள் குறைவு, உள்ளே இருந்து திறந்துவிட்டவர்கள்தான் அதிகம் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். சீச்சீ, என்ன புத்தி இது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அப்படிப்பட்டவள் இல்லை என்று எல்லாரைப் பற்றியும்தான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அவள் கையில் என்னைப் பற்றி ஒன்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்து ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனுஷன், பின்படிக்கட்டில் நின்று கத்தினால் டிரைவர் காது அடைக்கும், இப்போது "ம்" என்பதற்கே மூச்சு வாங்குகிறது. அடுத்த வீட்டுக் காளியம்மா நல்லவள், உட்கார்ந்து பார்த்துக்கொள்வாள், ஆனால் அவள் ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்கிறார். என் கை வேண்டும். குழைத்த சாதத்தை நுனிவிரலில் எடுத்து, நாடியைத் தடவி, விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த வாய். அவசரப்படுத்தினால் புரையேறிக் கண் பிதுங்கும். ஒரு தடவை அவசரப்படுத்திவிட்டு, அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு, இனி வேலையே போனாலும் அவசரப்படுத்துவதில்லை என்று முடிவு செய்தேன். வேலையே போனாலும் என்பது அன்றைக்குச் சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. மத்தியான மணி அடித்ததும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போவேன். ஊட்டி, துடைத்து, துணி மாற்றி, ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டுத் திரும்பினால் ஐந்தாவது பீரியட் பாதி ஓடியிருக்கும். சில நாள் முழுசாகவே ஓடியிருக்கும். அந்த பீரியடில் என் வகுப்பில் எமரன்சியா நிற்பாள். முதல் நாள் அவளாகத்தான் போய் நின்றாள், நான் கேட்கக்கூட இல்லை. ஹெச்.எம்.முக்குத் தெரியாது. அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபேனுக்கு அடியில் கண்ணை மூடி யோசிப்பவர். பர்மிஷன் கேட்டிருக்கலாம் என்று யாராவது சொல்லலாம். கேட்டால் என்ன நடக்கும்? ஹிஸ்டரிக்கு வீட்டில் ஆள் படுத்திருக்கிறது, இனி இந்த டீச்சர் எதற்கும் உதவாது என்று என் நெற்றியில் எழுதிவிடுவார்கள். இடைவேளையை அரை மணியாக்கினால் என்ன செய்வேன்? மலையடிவாரத்துக்குப் போனால் என்ன செய்வேன்? அந்த மனுஷன் காலையில் சாப்பிட்டதோடு ராத்திரிவரை வாயை மூடிக்கொண்டு கிடப்பார், அவ்வளவுதான். ஐம்பது வயதுக்கு மேல் ஒருத்தி தன் புருஷனுக்கு மத்தியானம் ஒரு வாய் சோறு ஊட்ட முடியுமா முடியாதா என்பதை ஒரு நூல் மில் முதலாளியும் ஒரு பல் டாக்டரும் ஒரு நகைக்கடைக்காரரும் வடை தின்றுகொண்டு தீர்மானிக்கிறார்கள். என்ன நேரம் ஆகிறது? மில் சங்கு ஊதி நேரமாயிற்று. காளியம்மா இந்நேரம் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருப்பாள். நேற்றைய நெத்திலியில் ஒன்றே ஒன்று முள்ளோடு இருந்தது. நான் பார்த்து எடுத்துவிட்டேன். ஒன்றே ஒன்றுதான்.

கரண்ட் போனது. அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் தேய்ந்து நின்றதும், இவ்வளவு நேரம் குளத்துக்கு அடியிலிருந்து வந்த மாதிரி இருந்த பேச்சு சட்டென்று மேலே வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். நாற்காலியை நகர்த்தவில்லை, நகர்த்தினால் கேட்டுவிடும். ஆனால் கழுத்து தன்னால் தடுப்புப் பக்கம் சாய்ந்தது. எமரன்சியாவின் குரல். அந்தக் குரலை நான் எங்கே வைத்தாலும் கண்டுபிடிப்பேன், வார்த்தையின் கடைசியில் லேசாக இழுப்பாள், அவள் ஊர்க் கடற்கரை இழுப்பு. "ஹிஸ்டரியை எடுத்துடலாம் சார்" என்றாள். அதற்கு முன்னால் என்னமோ சொல்லியிருக்கிறாள், அது ஃபேனோடு போய்விட்டது. யாரோ இருமினார்கள். ஏன் என்று கமிட்டிச் செயலர் கேட்டிருக்க வேண்டும், அவர் குரல் எப்போதும் தணிந்துதான் வரும், ரெண்டு மில்லை ஆள்கிறவருக்குக் கத்த வேண்டிய அவசியம் இல்லை. அவள் சொன்னாள், "மத்தியானத்துக்கு மேல ஹிஸ்டரின்னா பிள்ளைக சாமியாடுதுக சார். பாதி கிளாஸ் தூங்கிருது." எல்லோரும் சிரித்தார்கள். ஹெச்.எம். சிரித்தது தனியாகக் கேட்டது, அவர் சிரிப்பு குடத்தில் தண்ணீர் மொள்கிற மாதிரி இருக்கும். அப்புறம் "அப்ப அந்த அஞ்சாவது பீரியட்ல..." என்று செயலர் ஆரம்பித்தார். பேச்சிமுத்து ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார். படபடவென்று அது கிளம்பியதும் அந்த அறை மறுபடி குளத்துக்குள் இறங்கிவிட்டது.

அஞ்சாவது பீரியட்ல. நான் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தேன், துடைத்ததையே மறந்து மறுபடி துடைத்தேன். சொல்லிவிட்டாள். அவர்களாக எந்த பீரியடை வேண்டுமானாலும் பேசியிருக்கலாம், இருக்கிற பீரியடில் ஐந்தாவதைப் போய் ஏன் பேச வேண்டும், யாராவது எடுத்துக் கொடுக்காமல்? எடுத்துடலாம் என்றாளே, அது என்ன எடுத்துடலாம்? எடுப்பது என்றால் எங்களுக்குள் நடத்துவது, கிளாஸ் எடுக்கிறேன், பாடம் எடுக்கிறேன் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிறோம். எடுப்பது என்றால் அப்புறப்படுத்துவதும்தான், சோற்றில் கல்லை எடுக்கிறோம், மீனில் முள்ளை எடுக்கிறோம். ஹிஸ்டரியை எடுத்துடலாம் என்றால் அந்த குரூப்பையே எடுத்துவிடுவதா, பீரியடை எடுத்துவிடுவதா, ஹிஸ்டரி என்கிற என்னை எடுத்துவிடுவதா? இல்லை, நானே ஹிஸ்டரியையும் சேர்த்து எடுத்துடுவேன் சார், எனக்குப் பழக்கம்தான் என்கிறாளா? எதுவாக இருந்தாலும் நான் மலையடிவாரத்தில்தான் போய் நிற்கிறேன். அதுகூடப் பரவாயில்லை, உத்தியோகம் என்றால் நாலும் இருக்கும். அந்தச் சிரிப்பு. பிள்ளைகள் சாமியாடுகிறார்களாம். என் வகுப்பில் யார் தூங்கினார்கள்? தூங்கினாலும் அது அவள் நின்ற பீரியட், நான் இல்லாத பீரியட், அப்படியானால் அவளைப் பார்த்தல்லவா தூங்கியிருக்கிறார்கள்! இப்போது எனக்கு எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. கேட்காமலே முதல் நாள் போய் நின்றாளே, அதற்கு அர்த்தம் தெரிந்தது. தினமும் "அண்ணன் இன்னைக்கு எத்தனை வாய் சாப்பிட்டாங்க" என்று விசாரித்தாளே, அதற்கும் தெரிந்தது. ஒன்றரை வருஷமாக உதவி செய்தவளுக்கு ஒன்றரை வருஷத்துக் கணக்கும் கையில் இருக்கும். "உனக்குப் போலீஸ்ல வேலை கிடைச்சிருக்கணும்" என்று அவர் பேச்சு நன்றாக இருந்த காலத்தில் என்னைச் சொல்வார். வாங்கி வந்த கத்தரிக்காயைக்கூட நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் பார்த்துச் சொல்வார். கத்தரிக்காயைப் பார்த்தவள் இவளைப் பார்க்காமல் விட்டேனே. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, உள்ளங்கால்வரை வந்தது. சரி. அவள் சொல்லி நான் அகப்பட்டேன் என்று இருக்கக் கூடாது. கூப்பிடட்டும். நானே சொல்லிவிடுகிறேன், அவள் பங்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மாட்டினால் இரண்டு பேரும் மாட்டுவோம்.

கூப்பிட்டார்கள். பேச்சிமுத்து வந்து "வாங்க டீச்சர்" என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒன்றும் இல்லை, ஒன்றுமில்லாத முகத்தை வேண்டுமென்றே வைத்திருந்தார். உள்ளே ஒரே வடை எண்ணெய் வாசம். செயலர் குணசேகரன் நடுவில், ஹெச்.எம். அவருக்குப் பக்கத்தில் குனிந்து எழுதியபடி, மேஜைக் கோடியில் எமரன்சியா. அவள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். என்ன தைரியம்! செயலர், "உக்காருங்க டீச்சர். அஞ்சாவது பீரியட் விஷயமாத்தான் பேசிக்கிட்டிருந்தோம். உங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்னுதான்" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதையைப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. நான் உட்காரவில்லை. "ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல சார். போறேன்தான். மத்தியானம் வீட்டுக்குப் போறேன்தான், அஞ்சாவது பீரியட்ல பாதிக்கு மேலதான் திரும்பி வர்றேன். என் வீட்டுக்காரருக்கு ஊட்டிட்டு வர்றேன். ஊர் சுத்தப் போகல, சினிமாவுக்குப் போகல" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பக்கத்து வகுப்பில் நடத்துகிற மாதிரி கேட்டது. எமரன்சியா தலையை லேசாக, மிக லேசாக, இடமும் வலமும் அசைத்தாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். ஹெச்.எம். எழுதுவதை நிறுத்தினார். செயலர் என்னைப் பார்த்தார், ஹெச்.எம்.மைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "வீட்டுக்கா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இவர்களுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. ஆனால் வாய் ஓட ஆரம்பித்தால் அதை நிறுத்த எனக்கு எப்போதும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் எமரன்சியா எழுந்துவிட்டாள். "இல்ல சார், எப்பவாச்சும் ஒருநா ரெண்டுநா போயிருப்பாங்க. அந்த நேரம் பிள்ளைக சத்தம் போடக்கூடாதேன்னு நான் சும்மா போயி உக்காந்திருப்பேன், அவ்வளவுதான் சார்" என்றாள். சும்மா போய் உட்கார்ந்தாளாம். தன்னை மட்டும் கழற்றிக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுதான் அப்போதும் எனக்குப் பட்டது, கடவுளே, அப்போதும். "சும்மாவா? பாடமே எடுத்தாங்க சார். பன்னெண்டாவதுக்கு ரெண்டு பாடம் முழுசா அவங்கதான் முடிச்சாங்க. வேணும்னா பிள்ளைகளக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன். எமரன்சியா மெதுவாக உட்கார்ந்தாள். செயலர் அவளைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்க்கவில்லை. "என்ன டீச்சர், இவ்வளவு நேரம் என்ன சொன்னீங்க? ஹிஸ்டரிய அதுக்குன்னு படிச்சவங்க தவிர வேற யாரும் எடுக்க முடியாது, அதனால ரெண்டு பேரும் இருந்தே ஆகணும்னீங்க. சரின்னோம். மத்தியானம் பிள்ளைக தூங்குது, ஹிஸ்டரிய அஞ்சாவதுல இருந்து எடுத்து ஆறாவதுல போடுங்க, அப்ப இடைவேளை குறைஞ்சாலும் பாதகமில்லன்னீங்க. அதுக்கும் சரின்னோம். இவங்களுக்குச் சம்மதமான்னு ஒரு வார்த்தை கேக்கத்தான கூப்பிட்டோம்?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். பிறகு ஹெச்.எம். பக்கம் திரும்பி, "ஹிஸ்டரில ரிசல்ட் எப்படி?" என்றார். ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் பாஸ் சார்" என்றார்.

"எங்க மில்லுல ஒரு ஆளு ரெண்டு மெஷின் பாக்கிறான்" என்றார் செயலர். யாரையும் குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை, தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னார். "ஒருத்தரே ரெண்டையும் எடுத்து, பிள்ளைகளும் பாசாயிருக்கு. அப்புறம் ரெண்டு பேரு எதுக்கு?" பல் டாக்டர் தலையசைத்தார். எமரன்சியா மறுபடி எழுந்து, "சார், அவங்க சீனியர் சார். நாந்தான் ஜூனியர், சட்டப்படி நாந்தான் போகணும்" என்றாள். அவள் குரல் கிழிந்துபோய் வந்தது. செயலர் கையை அமர்த்தி, முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க எகனாமிக்ஸ் எடுத்திருக்கீங்களா?" நான் இல்லை என்றேன். "எடுக்க வருமா?" அவள் ஒன்றரை வருஷம் என் வகுப்பில் நின்றாள். நான் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, அவள் வகுப்பில் போய் நின்றதில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம்கூட மத்தியானம் வீட்டுக்கு ஓடினேன். "வராது சார்" என்றேன். "அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?" என்று கேட்டார். நிஜமாகவே என்னிடம் யோசனை கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஹெச்.எம். கண்ணாடியை மாட்டிக்கொள்ளாமலேயே எழுதத் தொடங்கினார்.

வராந்தாவில் வெயில் பாதிவரை ஏறியிருந்தது. செருப்பை மாட்ட எனக்குக் கால் நுழையவில்லை. எமரன்சியா ஸ்டாஃப் ரூமுக்குள் போய் என் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. புதுச்சேலையின் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏன்க்கா? உங்கள யாருக்கா கேட்டா?" என்றாள். நான் குடையை வாங்கிக்கொண்டேன். பொய் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு வரவில்லை.

"நீ சொல்லிட்டேன்னு நினைச்சேன்" என்றேன்.

"எத?"

"நான் வீட்டுக்குப் போறத."

"அத நான் எங்க வீட்டுலகூடச் சொல்லலியேக்கா" என்றாள்.